பூனைக்குப் பால் வார்க்கலாமா?

உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பூனை நாள்தோறும் வருகிறது. யாரும் வளர்க்கும் பூனை அல்ல; விலா எலும்புகள் தெரிகின்றன. இரக்கப்பட்டுக் கிண்ணத்தில் பால் ஊற்றி வைக்கிறீர்கள். அதுவும் சொட்டு விடாமல் நக்கிக் குடித்துவிட்டுப் போகிறது. மறுநாள் அதற்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் வியப்பில்லை. ஏன் தெரியுமா?

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைச் சிதைத்துச் சீரணிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குட்டியின் சிறுகுடலில் இது நிறைய உண்டு. பால்குடி மறந்தபின் வெகுவாகக் குறைந்துவிடும். சீரணமாகாத சர்க்கரை உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. நீங்கள் பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான்! பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. எல்லாப் பூனைகளுக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் மெலிந்து கிடக்கும் பூனையிடம் அதைச் சோதித்துப் பார்ப்பானேன்? தண்ணீர் வையுங்கள்.

அப்படியானால் சோறு? பூனை ஊனுண்ணி. டாரின் என்ற பொருளை நம் உடல் தானே ஓரளவு தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை பழுதாகிறது என்று 1975-லும், இதயத் தசை தளர்ந்துபோகிறது என்று 1987-லும் அமெரிக்க விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். தயிர்சாதம் வயிற்றை நிரப்பலாம்; கண்ணைக் காக்காது. சாம்பார்சாதமோ அதைவிட மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். (இனிப்பு வைத்தும் பயனில்லை. இனிப்புச் சுவையை உணரத் தேவையான ஒரு மரபணு பூனையிடம் செயலற்றுக் கிடப்பது 2005-ல் தெரியவந்தது. அதன் நாக்குக்குச் சர்க்கரையும் மணலும் ஒன்றுதான்!) உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன் ஒரு கைப்பிடி போதும். மீனுக்கு வழியில்லையென்றால் அவித்த முட்டை.

பூனை சோர்ந்து படுத்திருந்தால் காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை நம் கல்லீரல் பக்குவமாக மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு; ஒரே மாத்திரைகூட உயிரைப் போக்கலாம். பெரியவர் ஒருவரிடம் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள்.

பழகாத பூனையைத் தூக்க முயலாதீர்கள். சற்று எட்டி உட்கார்ந்து, கண்களை மெதுவாக மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு கண்சிமிட்டிய அந்நியரைப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன.

அப்படியும் அது கடித்துவிட்டால், அல்லது பிறாண்டிவிட்டால்? வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று; பூனையிடமிருந்தும் வரும். காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். திட்டுவார்களே என்று வீட்டில் மறைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

புதருக்குள் குட்டிகள் மட்டும் தனியே கிடந்தால் உடனே எடுத்துவிட வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தொலைவில் நின்று கவனியுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அது வராது.