வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு: கர்ப்ப காலத்தில் மூத்த குழந்தையைத் தூக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு டாபிக் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. அனுப்பினவங்களுக்கு இது ரெண்டாவது கர்ப்பம், 24ஆவது வாரம். மூத்த பையனுக்கு ரெண்டு வயசு. "மாமியார் அவனைத் தூக்கவே கூடாதுங்கறாங்க. எங்கம்மா, நாங்கல்லாம் தண்ணிக்குடமே தூக்கலையான்னு கேக்குறாங்க. அவன் என்னடான்னா நாள் முழுக்க கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். யார் சொல்றதைக் கேக்குறது?"

ரெண்டு பேர் சொல்றதிலயும் பாதி பாதி உண்மை இருக்கு. சிக்கல் இல்லாத கர்ப்பம்னா, மூத்த குழந்தையைத் தூக்கலாம். ஆனா எங்கிருந்து தூக்குறீங்க, எத்தனை தடவை தூக்குறீங்க, எவ்வளவு நேரம் சுமக்குறீங்க, இதெல்லாம் கணக்குல வரும்.

முதல்ல பயத்தைப் பேசிடுவோம். "தூக்கினா கலைஞ்சிடும்"னு சொல்லிச் சொல்லியே நம்ம வீடுகள்ல பெண்களை நடுங்க வச்சிருக்காங்க. முதல் 12 வாரம் வரைக்கும் கர்ப்பப்பை இடுப்பெலும்புக்கு உள்ளேயேதான் இருக்கும். அந்தக் காலகட்டத்துல நடக்கிற கருச்சிதைவுகள்ல ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவோட குரோமோசோம்ல இருக்கிற கோளாறு. அதுக்கும் நீங்க குழந்தையைத் தூக்கினதுக்கும் சம்பந்தம் இல்ல. வேலையிடத்துல தினமும் அதிக எடை தூக்குற கர்ப்பிணிகளை வச்சு செஞ்ச ஆய்வுகள்ல, கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு பார்த்திருக்காங்க. அது ஷிப்ட் முழுக்க பாரம் தூக்குறவங்க கதை. வீட்ல பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிறதை அதோட சேர்த்துப் பார்க்க முடியாது. அதனால ஏற்கனவே ஒரு இழப்பைச் சந்திச்சு, "அன்னைக்கு அவளைத் தூக்கினதாலதானோ"ன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, அந்தப் பழியை உங்க மேல போட்டுக்காதீங்க.

அப்போ எதுக்கு ஜாக்கிரதை? பெரும்பாலும் உங்க முதுகுக்காகவும் இடுப்புக்காகவும். அப்புறம், கீழே விழாம இருக்கிறதுக்காக.

கர்ப்பத்துல ரிலாக்சின்னு ஒரு ஹார்மோன் கூடும். அதுவும் மத்த ஹார்மோன்களும் சேர்ந்து மூட்டுகளைக் கட்டிப்பிடிச்சிருக்கிற தசைநார்களைத் தளர்த்திவிடும். இடுப்பெலும்பு மூட்டுகள்ல அது நல்லாவே தெரியும். வயிறு பெருசாகப் பெருசாக உடம்போட எடை முன்பக்கம் போகும், அதைச் சமாளிக்க கீழ்முதுகு உள்ளே வளையும். முதுகுக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய வயித்துத் தசைகள் இழுபட்டு பலம் குறைஞ்சு கிடக்கும். இந்த நிலைமைல 12 கிலோ எடையைத் தூக்கும்போது, முன்னாடி முதுகுக்குத் தெரியாத பாரம் இப்போ தெரியும். இன்னொண்ணு, வயிறு நடுவுல இருக்கிறதால குழந்தை உங்க உடம்பை விட்டுத் தள்ளிப்போகுது. அரிசிப் பையை மார்போட அணைச்சுத் தூக்கிப் பாருங்க, அப்புறம் கையை நீட்டித் தூக்கிப் பாருங்க. எடை அதேதான், முதுகு படுற பாடு வேற.

எத்தனை கிலோ வரைக்கும்? அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற நியோஷ்னு ஒரு அரசு நிறுவனம் இருக்கு. அதோட எடைதூக்கும் கணக்கை வச்சு கர்ப்பிணிகளுக்கான வரம்புகளை 2013ல வெளியிட்டாங்க. சிக்கல் இல்லாத கர்ப்பத்துல, எப்பவாவது, உடம்போட ஒட்டித் தூக்குறதா இருந்தா, முதல் 20 வாரத்துல சுமார் 16 கிலோ வரைக்கும், அதுக்கப்புறம் சுமார் 12 கிலோ வரைக்கும். மணிக்கணக்கா திரும்பத் திரும்பத் தூக்குறதா இருந்தா அதுல பாதிதான். கெண்டைக்கால் நடுப்பகுதிக்குக் கீழே இருந்து தூக்குறதையும், தலைக்கு மேல தூக்குறதையும் தவிர்க்கச் சொல்றாங்க.

இப்போ உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு வயசுக் குழந்தைங்க நடுத்தரமா 9 கிலோ சுத்தி இருக்கும். ரெண்டு வயசுல பெண் குழந்தை 11.5, ஆண் குழந்தை 12.2. மூணு வயசுல ரெண்டு பேருமே 14 கிலோ பக்கம். அதாவது நமக்கு வாய்ஸ் நோட் அனுப்பினவங்க பையன் சரியா அந்த வரம்புக் கோட்டு மேல உட்கார்ந்திருக்கான். அந்த வரம்பும் ஆடாம அசையாம இருக்கிற பெட்டிக்குப் போட்டது. பெட்டி திடீர்னு வில்லு மாதிரி பின்னாடி வளைஞ்சு கத்தாது!

சிலர் மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம தூக்கவே வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மறைச்சிருக்குன்னு ஸ்கேன்ல சொன்னவங்க, ரத்தப்போக்கு இருந்தவங்க, கர்ப்பப்பை வாய் குட்டையா இருக்கிறவங்க, அங்க தையல் போட்டவங்க, குறைப்பிரசவ அறிகுறி இருக்கிறவங்க, பிபி ஏறியிருக்கிறவங்க. அடுத்த செக்கப்ல "ஜாக்கிரதையா இருங்க"ன்னு டாக்டர் சொன்னா அதோட எழுந்து வந்துடாதீங்க. "வீட்ல 12 கிலோ குழந்தை இருக்கு, தூக்கலாமா, எத்தனை தடவை"ன்னு எடையைச் சொல்லிக் கேளுங்க.

சரி, எப்படித் தூக்குறது? நம்ம வீடுகள்ல குழந்தை பாதி நேரம் தரையிலதான் இருக்கும். குனிஞ்சு அக்குள்ல கையைவிட்டு அப்படியே அள்ளுறதுதான் எல்லாருக்கும் பழக்கம், முதுகுக்கு அதைவிட மோசமான முறை இல்ல. அதுக்குப் பதிலா, குழந்தைக்குப் பக்கத்துல போங்க. ஒரு பாதத்தை முன்னாடி ஊன்றி, இன்னொரு முட்டியைத் தரையில போடுங்க. குழந்தையை முதல்ல உங்க தொடை மேல உட்கார வையுங்க. அங்கிருந்து மார்போட அணைச்சுக்கிட்டு, மூச்சை வெளியே விட்டுக்கிட்டே, காலை ஊன்றி எழுந்திருங்க. மூச்சைப் பிடிச்சுத் தம் கட்டக் கூடாது. தூக்குறதுக்கு முன்னாடி, ஒண்ணுக்கு வர்றதை அடக்குற மாதிரி கீழே இறுக்கிக்கிட்டா, அந்த ஒரு சொட்டு கசியறதும் குறையும். தூக்கினதுக்கு அப்புறம் திரும்பணும்னா இடுப்பைத் திருகாம, பாதத்தை எடுத்து வச்சுத் திரும்புங்க. இறக்கும்போதும் இதேதான். அந்த நேரத்துலதான் எல்லாரும் அலுப்புல தொப்புன்னு குனிவாங்க.

இதைவிட நல்ல வழி, தூக்குற வேலையில பாதியைக் குழந்தைகிட்டயே விடுறது. ரெண்டு வயசுக்காரங்களுக்கு ஏறுறதுன்னா கொள்ளை ஆசை. நீங்க சோஃபால உட்காருங்க, அவன் ஏறி வரட்டும். நிக்கும்போது தூக்கணும்னா அவனை ஆடாத நாற்காலி மேல ஏறி நிக்கச் சொல்லுங்க. இடுப்பு உயரத்துல இருந்து எடுக்கிறதும் தரையில இருந்து எடுக்கிறதும் ஒண்ணே இல்ல.

பாத்ரூமைத் தனியா சொல்லணும். பக்கெட், மக், முக்காலி, ஈர டைல்ஸ், சோப்பு போட்டு வழுக்குற குழந்தை. வீட்லயே ஆபத்தான இடம் அதுதான், அங்க தூக்கவே தூக்காதீங்க. உள்ளே ரப்பர் மேட் போட்டு, அது மேலயே நிக்க வச்சுத் துவட்டி, கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வாங்க. தூளியில தூங்குற பிள்ளைன்னா, குழிஞ்ச துணிக்குள்ள கையை நீட்டித்தான் எடுக்கணும். அந்த வேலை வீட்ல வேற யாருக்காவது போகட்டும். இல்லன்னா மெத்தைக்கு மாத்திட்டு நீங்களும் பக்கத்துல ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்க வையுங்க.

லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட்ல மூணாவது மாடியா? வயிறும் குழந்தையும் சேர்ந்து படியை மறைச்சிடும், பிடிக்க கையும் இருக்காது. கர்ப்பத்துல நான் எடையைவிட விழுறதுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கை குழந்தை கையில, அவன் நடந்து ஏறட்டும். பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும். ஆட்டோவுல அவனை முதல்ல ஏறவிட்டு அப்புறம் நீங்க ஏறுங்க.

கடைத்தெருவுல உருண்டு புரளுற குழந்தையைத் தூக்கப் போராடாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து அடங்குற வரைக்கும் காத்திருங்க. ரோட்டுக்கு ஓடினா? அப்போ எந்த டெக்னிக்கும் வேண்டாம், அள்ளிக்கிட்டு வாங்க. அவசரத்துல தப்பா ஒரு தடவை தூக்கினதால ஒண்ணும் ஆயிடாது. வயித்துல லேசா ஒரு உதை பட்டாலும் பனிக்குட நீர் மெத்தை மாதிரி தாங்கிக்கும். பலமான அடின்னா, இல்ல நீங்க கீழே விழுந்துட்டா, உடனே டாக்டரைப் பாருங்க.

இடுப்புல வச்சுக்கிறது சௌகரியம்தான். ஆனா எப்பவும் ஒரே பக்கம் வச்சு அந்தப் பக்கமே சாய்ஞ்சு நின்னா இடுப்பு மூட்டு ஒருபக்கமா இழுபடும். பக்கத்தை மாத்துங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல இறக்கிடுங்க. முன் எலும்புலயோ பின்னாடி பிட்டத்துலயோ ஏற்கனவே வலி இருக்குன்னா, படுக்கையில புரளும்போது சுரீர்னு இருக்குன்னா, இடுப்புல வைக்கிறதை நிறுத்திட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க. "கர்ப்பம்னா வலிக்கத்தான் செய்யும்"னு விடுற வலி இல்ல அது.

இப்போ பையன் பக்கம். "வயித்துல பாப்பா இருக்கு, அதனால தூக்க மாட்டேன்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. வராத பாப்பா மேல அவனுக்கு முதல் கோபம் அங்கதான் ஆரம்பிக்கும். "அம்மாவுக்கு முதுகு வலிக்குது, உட்கார்றேன், மடிக்கு வா"ன்னு சொல்லுங்க. அவன் கேக்குறது உங்க பக்கத்தைத்தான். உயரம் ரெண்டாவது.

இன்னொரு நடைமுறைக் கணக்கும் இருக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவங்கள் சிசேரியன். சிசேரியன் ஆனா ஆறு வாரம் வரைக்கும் பிறந்த குழந்தையைவிட கனமான எதையும் தூக்காதீங்கன்னுதான் பொதுவா சொல்வாங்க. அப்போ குளிப்பாட்ட, தூங்க வைக்க, படியேத்த அவனுக்கு வேற ஒருத்தர் பழகியிருக்கணும். அது அப்பாவா இருக்கிறதுதான் நியாயம். ஒன்பதாவது மாசத்துல திடீர்னு ஆரம்பிச்சா குழந்தை அவர்கிட்ட போகாது, "என்கிட்ட வரமாட்டேங்கறான்"னு அவரும் கையை விரிச்சிடுவார். இந்த வாரமே ராத்திரி தூங்க வைக்கிறதை அவர்கிட்ட கொடுங்க. ரெண்டு நாள் அழுவான். நீங்க அடுத்த ரூம்லயே இருங்க, வெளியே வராதீங்க.

தூக்கினப்புறம் வயிறு கல்லு மாதிரி இறுகி, படுத்து தண்ணி குடிச்சதும் விட்டுப்போச்சுன்னா, இன்னைக்கு இதோட போதும்னு உடம்பு சொல்லுதுன்னு எடுத்துக்கோங்க. இறுக்கம் விட்டுவிட்டு முறையா வந்தா, ரத்தமோ தண்ணியோ போனா, குழந்தை அசைவு குறைஞ்சா, தலைவலியோட கண்ணு மங்கினா காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி இல்லன்னா 108.

கடைசியா, வயித்துக்குப் போடுற சப்போர்ட் பெல்ட் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இடுப்பு வலி இருக்கிற சிலருக்கு அது நடக்கும்போது நல்ல ஆறுதலா இருக்கு, போட்டுக்கலாம். ஆனா பெல்ட் போட்டிருக்கோமேன்னு கூட ரெண்டு கிலோ தூக்கலாம்னு கிடையாது. மேல சொன்ன கணக்குல அது ஒரு கிராமைக் கூட மாத்தாது.