கடலுக்கு அடியில் ஒரு "கோவில்"! குடியிருப்பது மீன்கள்!!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலை பக்கம் தினமும் மாலையில் எவ்வளவு கூட்டம்! சுண்டல் கொறித்துக் கொண்டே எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு "கோவில்" இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கே சாமி இல்லை, மணியும் இல்லை. மீன்கள்தான் குடியிருக்கின்றன!

"டெம்பிள் ரீப்" என்பது அதன் பெயர். டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் என்ற ஸ்கூபா பயிற்சி நிலையத்தார் 2013-ம் ஆண்டு கட்டத் தொடங்கிய செயற்கைப் பாறை இது. சுமார் 60 அடி ஆழத்தில் இருக்கிறது. அதாவது, ஆறு மாடி உயரத்துக்குத் தண்ணீர்!

மணலில் வீடு

"கடலில் இல்லாத இடமா? மீனுக்கு எதற்கு வீடு?" என்று கேட்கலாம்.

புதுவை கரையோரக் கடலின் அடி பெரும்பாலும் வெறும் மணல், சேறு. பெரிய மீன் துரத்தினால் குஞ்சு மீன் ஓடி ஒளிய ஒரு பொந்து கிடையாது.

கல்லோ கான்கிரீட்டோ விழுந்தால் கதையே வேறு. முதலில் பாசி பிடிக்கும். பிறகு சிப்பி ஒட்டும். அதைத் தின்னச் சின்ன மீன் வரும். சின்னதைத் தேடிப் பெரியது வரும். மரக்கிளை, தென்னை மட்டைகளைக் கடலில் இறக்கி மீனைக் கூட்டும் வித்தை நம் மீனவர்களுக்குப் பழைய பாடம்தான்.

இப்போது அங்கே சங்கரா, பாறை மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. குகை போன்ற பொந்துகளில் கலவா பதுங்கியிருக்கும். அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க அல்ல, அது மூச்சு விடும் முறையே அப்படித்தான்!

மூச்சை அடக்காதே!

ஸ்கூபா கருவியை 1943-ல் உருவாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்: கடற்படை அதிகாரி கூஸ்தோ, என்ஜினீயர் கஞ்ஞான். அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

முதுகில் தொங்கும் சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று, அழுத்தி அடைத்தது.

33 அடி இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். காது வலிக்கும். மூக்கைப் பிடித்துக் கொண்டு மெல்ல ஊத வேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்! பயிற்சி இல்லாமல், ஆசிரியர் துணை இல்லாமல் இறங்குவது உயிரோடு விளையாட்டு.

வலை என்னும் எமன்

இந்த மீன் வீட்டுக்கும் ஆபத்து உண்டு. அறுந்து போன நைலான் வலை மக்காது. பாறையில் சிக்கி, யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். நண்டு, ஆமைகூடத் தப்பாது. ஸ்கூபா வீரர்கள் கத்தியால் அறுத்து அதை மேலே கொண்டு வர வேண்டியிருக்கிறது.

வலை போனால் மீனவருக்கும் நஷ்டம், மீனுக்கும் நாசம்.

பொந்தில் ஒளிந்து பிழைக்கும் குஞ்சு வளர்ந்து வெளியே வந்தால்தான் மீனவர் வலைக்கு மீன். பெரிய மார்க்கெட் கூடைக்கும் மீன். நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் மீன்!