சி.எஃப்.எல். பல்பிலிருந்து கசியும் கதிர்

சி.எஃப்.எல். பல்பு எரிவதே புற ஊதாக் கதிரால்தான். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது முதலில் பிறப்பது, பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். மருத்துவமனைகளில் கிருமிகளைக் கொல்ல எரியவிடும் விளக்கும் இதே கதிரைத்தான் தருகிறது. வீட்டு பல்பில் அது வெளியே வராமலிருக்க இரண்டு தடைகள் உண்டு. குழாயின் உட்புறம் பூசிய வெண்ணிற பாஸ்பர், கதிரை உறிஞ்சிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. மிஞ்சுவதில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. நீண்ட அலைநீளமுள்ள யு.வி.ஏ. மட்டும் ஓரளவு கடந்து வரும்.

டியூப்லைட் வேலை செய்வதும் இப்படித்தான். ஆனால் அது சுவரில் உயரே, நேராகக் கிடக்கிறது. சி.எஃப்.எல். குழாயோ மெல்லியது, சுருளாக வளைக்கப்பட்டது. வளைவுகளில் பாஸ்பர் பூச்சு விரிசல் விட்டால் கதிர் கசிய வழி கிடைக்கிறது. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் மிரியம் ரஃபைலோவிச் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கடைகளில் வாங்கிய பல்புகளின் பூச்சில் விரிசல்கள் இருந்தன. அவற்றின் ஒளி பட்ட மனிதத் தோல் செல்கள் பாதிக்கப்பட்டன. அதே அளவு ஒளி தந்த குண்டு பல்பு அவற்றை ஒன்றும் செய்யவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த செல்களுக்கு, உயிருள்ள உடம்பின் மேல்தோல் தரும் காப்பு கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பதறத் தேவையில்லை, ஒதுக்கிவிடவும் கூடாது.

உண்மையில் ஆபத்தைத் தீர்மானிப்பது தூரம். பல்பிலிருந்து விலக விலகக் கதிரின் செறிவு வேகமாகக் குறைகிறது. பிரிட்டனின் உடல்நலப் பாதுகாப்பு முகமை 2008இல் சொன்ன யோசனையும் இதையொட்டியதே: குழாய் வெளியே தெரியும் பல்புக்கு 30 செ.மீட்டருக்குள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். கூரையில் தொங்கும் பல்புக்கு இந்தக் கவலையே இல்லை. மேசை விளக்கின் கீழ் குனிந்து படிப்பவர்களும், நுணுக்க வேலை செய்பவர்களும்தான் கவனிக்க வேண்டியவர்கள். குழாயின் மேல் இன்னொரு கண்ணாடிக் கூடு பொருத்திய பல்பில் கசிவு மிகவும் குறைந்துவிடும்.

லூபஸ் போன்ற, ஒளி பட்டால் தோல் பாதிக்கப்படும் நோயுள்ளவர்கள் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுமார் 2,50,000 பேருக்கு இப்பல்புகள் தொல்லை தரக்கூடும் என்று அதன் அறிவியல் குழு 2008இல் கணித்தது.

பல்பு உடைந்தால் கவலை கதிரன்று, உள்ளிருக்கும் சில மில்லிகிராம் பாதரசம். ஜன்னலைத் திறந்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே இருந்துவிட்டு வந்து, சில்லுகளை அட்டையால் வழித்தெடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். துடைப்பம் கூடாது.

எல்.இ.டி. பல்பில் பாதரசம் இல்லை. நீல ஒளியை மாற்றி வெண்ணொளி தருவதால் புற ஊதாக் கதிரும் இல்லையென்றே சொல்லலாம். மேசை விளக்கில் இன்னும் பழைய சுருள் பல்பு இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.