தாக்குதல் துப்பாக்கித் தடையும் காவலர் கருத்துக்கணிப்புகளும்

தாக்குதல் துப்பாக்கித் தடை பற்றி ஐக்கிய அமெரிக்கக் காவலர்களின் கருத்தை அறியப் பல கணிப்புகள் நடத்தப்பட்டுள்ளன. யாரிடம், எவ்வாறு, என்ன கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே இவற்றின் நம்பகத்தன்மை அமைகிறது.

பின்னணி

விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு மட்டும் வெளிப்பட, அடுத்த குண்டு தானாகவே ஆயத்தமாகும் துப்பாக்கி அரைத் தானியங்கித் துப்பாக்கி எனப்படும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடுவது முழுத் தானியங்கி ஆகும். தடை பற்றிய விவாதம் ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி வகைகளையே பெரிதும் சார்ந்தது. 1994 இல் நடுவண் அரசு இவற்றுள் பலவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. அத்தடை 2004 இல் காலாவதியானது. 2012 திசம்பரில் சாண்டி ஊக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும் கொல்லப்பட்டபின் தடையை மீட்கும் முயற்சி எழுந்தது. 2013 ஏப்ரலில் அது மேலவையில் தோல்வியுற்றது.

2013 கணிப்பு

2013 மார்ச்சில் போலீஸ்ஒன் இணையதளம் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கணிப்பில், பணியிலுள்ளோரும் ஓய்வு பெற்றோருமாக 15,000 பேருக்கு மேல் பங்கேற்றனர். தடையால் வன்குற்றங்களில் மாற்றம் ஏற்படாது என ஏறத்தாழ 71% பேரும், தீய விளைவே உண்டாகும் என ஏறத்தாழ 20% பேரும் கூறினர்.

இக்கணிப்பில் விரும்பியோர் மட்டுமே விடையளித்தனர். இத்தகைய கணிப்புகளில் ஒரு பொருளில் தீவிரக் கருத்துடையோர் மிகுதியாகப் பங்கேற்பது இயல்பு. இது தன்தேர்வுப் பிழை எனப்படும். பங்கேற்போர் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் இப்பிழை நீங்காது. 1936 இல் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும், குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் எனத் தவறாகக் கணித்தது. 48 மாநிலங்களில் 46 இல் ரூசவெல்ட் வென்றார்.

2016 கணிப்பு

பியூ ஆய்வு மையத்துக்காக 2016 இல் நடத்தப்பட்ட கணிப்பில், 54 காவல் துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 8,000 காவலர்கள் பங்கேற்றனர். காவலர்களில் 32% பேரே தடையை ஆதரித்தனர். பொதுமக்களிலோ 64% பேர் ஆதரித்தனர். நூறு காவலர்களுக்குக் குறைவான சிறு துறைகள் இதில் இடம்பெறவில்லை.

ஒப்பீடு

காவலர்களில் பெரும்பாலோர் தடையை விரும்பவில்லை என்பதையே இரண்டாம் கணிப்பும் காட்டுகிறது. எனினும் மூவரில் ஒருவர் ஆதரிப்பதால், காவலர்கள் ஏறத்தாழ ஒருமனதாக எதிர்க்கின்றனர் என்ற கூற்றுக்கு அது இடமளிக்கவில்லை. முதற்கணிப்பு தடையின் பயனைக் கேட்டது. இரண்டாவது ஆதரவைக் கேட்டது. பயன் இராது என்பவர் அனைவரும் தடையை எதிர்ப்பவர் என்று கொள்ள இயலாது. மேலும், காவல்துறைத் தலைவர்களின் பன்னாட்டுச் சங்கம் தடையை ஆதரித்துள்ளது. ஆகவே தலைமை அமைப்பொன்றின் நிலைப்பாட்டை எல்லாக் காவலர்களின் கருத்தாகக் கொள்வதும் தவறாகும்.