உங்களுக்குத் தெரியுமா? ஆட்டின் முதுகில் ஊர் சுற்றலாம்!

■ வட அட்லாண்டிக் கடலில், ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே உள்ள 18 தீவுகளின் கூட்டம் ஃபரோ. டென்மார்க்கின் கீழ் தன்னாட்சி பெற்ற பகுதி. இங்கே மனிதர்களைவிடச் செம்மறி ஆடுகளே அதிகம்!

■ தெருக்களை 360 டிகிரி படங்களாகக் காட்டும் கூகுளின் 'ஸ்ட்ரீட் வியூ', 2016 வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொறுத்துப் பார்த்த ஃபரோ சுற்றுலாத் துறையினர், சூரிய ஒளியில் இயங்கும் 360 டிகிரி கேமராவை ஆட்டின் முதுகிலேயே கட்டிவிட்டார்கள். ஆடு மேயும் இடமெல்லாம் படமானது. எந்த இடம் என்ற ஜிபிஎஸ் குறிப்போடு அந்தப் படங்கள் செல்போனுக்கு வந்துசேர, அங்கிருந்து ஸ்ட்ரீட் வியூவில் ஏற்றினார்கள். பெயர், 'ஷீப் வியூ'.

■ செய்தி உலகெங்கும் பரவ, அதே ஆண்டு கூகுளே கேமராக்களைக் கொடுத்து உதவியது. ஆடு மட்டுமல்ல, சைக்கிள், கப்பல், முதுகுப்பை எனப் பலவற்றிலும் அவை பயணித்தன.

■ 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது அடுத்த அதிரடி: 'ரிமோட் டூரிசம்'. தலையில் கேமரா மாட்டிய உள்ளூர்க்காரர் மலைச்சரிவில் நிற்பார். வீட்டில் இருப்பவர் செல்போனிலோ கணினியிலோ பட்டனை அழுத்தினால், அவர் திரும்புவார், நடப்பார், ஓடுவார், குதிக்கவும் செய்வார்! ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அடுத்த வாய்ப்பு இன்னொருவருக்கு. நடந்து மட்டுமல்ல, குதிரையிலும் ஹெலிகாப்டரிலும்கூடச் சுற்றிக் காட்டினார்கள்.