உங்களுக்குத் தெரியுமா? தொட்டியில் ஜூனிபர், திருவக்கரையில் கல்மரம்

● திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், வக்கரகாளியம்மன் கோயில் உள்ள திருவக்கரையில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அவற்றில் ஊசியிலை மரங்களும் உண்டு. நர்சரியில் குட்டையாக, என்றும் பசுமையாக நிற்கும் ஜூனிபருக்கு அவை தூரத்து உறவு.

● ஜூனிபர் பூக்காது. 'பழம்' என்று நாம் நினைப்பது, செதில்கள் சதைப்பற்றாகி ஒட்டிக்கொண்ட கூம்பு. ஜின் மதுவுக்கு மணம் தருவது அதுதான்.

● குளிர்நாட்டுச் செடி என்பதால் விழுப்புரம் வெயில் அதற்குச் சோதனைதான். காலை வெயில் போதும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் நிழல் கொடுங்கள்.

● வெயிலைவிடப் பெரிய எதிரி தேங்கும் தண்ணீர். செம்மண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் வையுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள்.

● கத்தரிக்கும்போது பச்சை நுனியோடு நிறுத்துங்கள். இலையில்லாத பழுப்புக் கொம்பு வரை வெட்டினால் அங்கே பெரும்பாலும் துளிர்க்காது.

● செடி வெளிறுகிறதா? கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது செஞ்சிலந்தி. காலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெருமளவு குறையும்.