யாருடைய காது? உச்சரிப்பும் அதிகாரமும்: தெற்காசியக் குடியேறிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘அவன் பேச்சுல மலையாள வாடை அடிக்குது’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நம் பேச்சில் என்ன வாடை என்பது நமக்குத் தெரிவதில்லை. வாடை எப்போதும் அடுத்தவனுடையது. உச்சரிப்பு பற்றிய விவாதத்தை இங்கிருந்து தொடங்கலாம். உச்சரிப்பு இல்லாத பேச்சு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஆனாலும் சில பேச்சுகளுக்கு மட்டும் ‘ஆக்ஸென்ட்’ என்று பெயர் விழுகிறது. மற்றவை வெறும் ‘பேச்சு’ ஆகிவிடுகின்றன. இந்தப் பாகுபாட்டை நிகழ்த்துவது பேசுகிறவனின் நாக்கா, கேட்கிறவனின் காதா? பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் குடியேறிய தெற்காசியர்களின் அனுபவத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

1

முதலில் ஒலி. ஆங்கிலத்தில் ‘ட’ போல நமக்குக் கேட்பது, மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறு மேட்டில் நாவு தொட்டுப் பிறப்பது. இந்தியிலும் பஞ்சாபியிலும் அந்த இடத்துக்குச் சரியான ஒலி இல்லை. பல்லைத் தொடும் ‘த’ உண்டு, நாவை மடக்கும் ‘ட’ உண்டு. ஆகவே ஆங்கில ஒலி ‘ட’வுக்குள் போய் விழுகிறது. தமிழுக்குள்ளேயே இதில் இரண்டு காதுகள் உண்டு. தமிழ்நாட்டுக்காரர் ‘டொரண்டோ’ என்று எழுதும் ஊரை ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார். ஒரே ஆங்கில ஒலிதான். எந்தக் காது எப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதே வித்தியாசம்.

இந்தப் பழக்கம் மிக முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6-8 மாதத்தில் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்தறிகின்றன. 10-12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. வளர்ந்த வெள்ளைக்காரருக்கு இவ்விரண்டையும் பிரித்துக் கேட்பது சிரமம். அதை யாரும் அவருடைய குறை என்று சொல்வதில்லை, திருத்த மாலை வகுப்பும் நடத்துவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பல்லும் உதடும் சேரும் ‘வ’வையும் உதடு குவியும் ‘வ’வையும் நம்மாள் ஒன்றாகச் சொல்லிவிட்டால் போச்சு, அது குறைபாடு. இயலாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்து இயலாமைக்கு மட்டுமே விலை போடப்படுகிறது. பியர் பூர்தியு மொழியைச் சந்தையாகப் பார்த்ததன் பொருள் இதுதான்: எந்தப் பேச்சு செல்லும், எது தள்ளுபடி என்பதைச் சந்தையில் வலுவுள்ளவர் தீர்மானிக்கிறார்.

2

ஒலியைவிட நுட்பமான இடம் தொனி. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் தன் 1982ஆம் ஆண்டு நூலில் ஒரு நிகழ்வை விவரிக்கிறார். பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஊழியர்களுக்கான சாப்பாட்டுக்கூடம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறுகிறார்கள். இவர்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று மேற்பார்வையாளரும், சாப்பிட வரும் சரக்குத் தொழிலாளர்களும் நினைக்கிறார்கள். பெண்களோ, தங்களை வேண்டுமென்றே ஒதுக்குவதாக உணர்கிறார்கள். பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது சிக்கல் ‘கிரேவி’ என்ற ஒற்றைச் சொல்லில் இருந்தது. வெள்ளைப் பணிப்பெண் அதைத் தொனியை ஏற்றிச் சொல்வார்: ‘கிரேவி வேணுமா?’ என்று பொருள். இந்தப் பெண்கள் தொனியை இறக்கிச் சொன்னார்கள். அவர்களுடைய மொழிப் பழக்கத்தில் அதுவே சாதாரணமாகக் கேட்கும் விதம். ஆங்கிலக் காதுக்கோ, ‘இது கிரேவி, வேணும்னா எடுத்துக்க’ என்பதுபோல விழுந்தது.

இதில் யாரும் இலக்கணப் பிழை செய்யவில்லை. பிழை இருந்திருந்தால் ‘பாவம், மொழி தெரியாதவள்’ என்று விட்டிருப்பார்கள். சொல் சரியாக இருந்ததால் தொனி குணமாக வாசிக்கப்பட்டது. பின்பு அது ஒரு இனத்தின் குணமாயிற்று. ‘ஆசியாக்காரிகளே இப்படித்தான்’ என்ற முடிவு ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிறக்க முடியும். பதிவைக் கேட்டு இரு தரப்பும் விவாதித்தபின் நிலைமை இளகியது என்றும் கம்பர்ஸ் எழுதுகிறார். விவாதத்தில் மேற்பார்வையாளரும் உட்கார்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

3

சரி, அவர்கள் மாதிரியே பேசக் கத்துக்கிட்டா பிரச்சினை தீர்ந்துபோகாதா? பல பெற்றோர்கள் இந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகளிடம் தாய்மொழி பேசுவதை நிறுத்தினார்கள்.

1992இல் அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்ணின் குரலில் விரிவுரை பதிவு செய்யப்பட்டது. அதே பதிவை மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வெள்ளைப் பெண்ணின் புகைப்படம், மற்றவர்களுக்கு ஆசியப் பெண்ணின் புகைப்படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாத அந்நிய உச்சரிப்பைக் கேட்டார்கள். விரிவுரையைக் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். தோலைப் பார்த்துவிட்டுத்தான் காது கேட்கிறது. நாக்கை எவ்வளவு செதுக்கினாலும் முகம் இருக்கிறதே! கரைந்துபோனால் ஏற்றுக்கொள்வோம் என்ற வாக்குறுதியின் ஓட்டை இங்கே தெரிகிறது.

4

குடியேறிகள் இதைச் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை. மேற்கு லண்டனின் சவுத்தால் பஞ்சாபிகள் அடர்ந்து வாழும் பகுதி. 1976 ஜூனில் அங்கே குர்தீப் சிங் சாகர் என்ற இளைஞர் இனவெறிக் கொலைக்கு ஆளானார். 1979 ஏப்ரலில் நேஷனல் ஃப்ரண்டுக்கு எதிரான போராட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் போலீஸ் தாக்குதலில் இறந்தார். அந்தக் காலத்தில் அங்கு வளர்ந்தவர்களையும் பின்னால் வந்த இளையவர்களையும் தேவ்யானி சர்மா ஆராய்ந்து 2011இல் எழுதினார். மூத்த தலைமுறை ஆண்கள் ஆளுக்குத் தக்கபடி, லண்டன் பேச்சுக்கும் பஞ்சாபி கலந்த ஆங்கிலத்துக்கும் இடையே பெரிய தூரத்தைத் தாண்டித் தாண்டிப் பேசினார்கள். இளைய ஆண்களிடம் அந்தத் தாவல் குறைவு. இரண்டும் கலந்த ஒரே பேச்சு பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானதாக இருந்தது. தெருவில் பகைமை இருந்தபோது இரண்டு நாக்கு தேவைப்பட்டது. பகைமை சற்றுத் தணிந்து சமூகம் ஊன்றியபின் ஒன்று போதுமாயிற்று.

கேலியும் இந்த வரலாற்றின் பகுதிதான். பீட்டர் செல்லர்ஸ் 1960இலும் 1968இலும் இந்தியராக வேடமிட்டு அந்த உச்சரிப்பைச் சிரிப்புக்கான சரக்காக்கினார். அதே 1960இன் பாட்டுத் தலைப்பை எடுத்துத் தங்கள் நகைச்சுவைத் தொடருக்குப் பெயராக வைத்து, 1998இல் பிபிசி தொலைக்காட்சியில் அதைத் திருப்பிப் போட்டார்கள் மீரா சயாலும் சஞ்சீவ் பாஸ்கரும் நண்பர்களும். அமெரிக்காவில் ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் கடைக்காரர் அப்புவுக்கு வெள்ளை நடிகர் ஹாங்க் அஸாரியா 1990 முதல் குரல் கொடுத்தார். ஹரி கொண்டபோலுவின் 2017 ஆவணப்படம் அதைக் கேள்விக்குட்படுத்தியது. 2020இல் அஸாரியா விலகினார். பள்ளியில் அந்தக் குரலால் சீண்டப்பட்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகள், புதிதாய் விமானமிறங்கியவனை ‘ஃப்ரெஷி’ என்று சொல்லி அவன் பேச்சைக் கேலி செய்வதும் நடக்கிறது. ‘நான் அவனில்லை’ என்று நிரூபிக்கக் கட்டும் நுழைவுக் கட்டணம் அது. வெள்ளைக் காதைக் கடன் வாங்கித் தன் தகப்பனின் பேச்சைக் கேட்பது.

5

நாம் மேற்கைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. 1983 ஜூலையில் இலங்கையில் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லச்சொல்லி, முதலெழுத்து ‘வ’வாக விழுந்தால் தமிழர் என்று அடையாளம் கண்டு தாக்கியதைத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஓடியவர்களில் பலர் ஐரோப்பாவில் அகதி மனு கொடுத்தார்கள். அந்த ஐரோப்பாவில், 1990களிலிருந்து பல அரசுகள் அகதிகளின் பேச்சைப் பதிவு செய்து ‘நீ உண்மையில் அந்த ஊர்தானா’ என்று சோதிக்கத் தொடங்கின. இதில் நடக்கும் அபத்தங்களைத் தடுக்க 2004இல் மொழியியலாளர்கள் நெறிமுறைகளே வெளியிட வேண்டிவந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத்தவரின் பேச்சு நம் சினிமாவுக்குச் சிரிப்புச் சரக்கானதற்கு 2000இல் வந்த ‘தெனாலி’ ஓர் உதாரணம். ‘ழ’ வராதவனைப் பள்ளியில் எழுப்பி நிற்கவைத்துச் சிரிக்கிற நாம், எந்தச் சாதியின், எந்த வட்டாரத்தின் நாக்கைத் ‘தூய தமிழ்’ என்கிறோம் என்று கேட்டுக்கொண்டதுண்டா?

6

இப்போது வேலையை எந்திரம் எடுத்துக்கொள்கிறது. அழைப்பு மையங்களில் ‘நடுநிலை உச்சரிப்பு’ப் பயிற்சி போய், பேசப் பேசவே இந்தியக் குரலின் உச்சரிப்பை மாற்றித் தரும் மென்பொருள் 2025க்குள் பெரிய நிறுவனங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளரின் காது எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. புரியவைக்கும் சுமை முழுக்கப் பேசுகிறவன் தலையில், அதுவும் அவனுக்கே கேட்காத குரலில்.

உரையாடல் என்பது இரண்டு பேர் தூக்கும் பாரம். ரோஸினா லிப்பி-கிரீன் 1997இல் எழுதிய நூலின் மைய வாதங்களில் ஒன்று இது: அதிகாரமுள்ளவர் தன் பங்குச் சுமையை மறுத்துவிட்டு, ‘நீ பேசுவது புரியவில்லை’ என்கிறார். ஆகவே செய்ய வேண்டியது நாக்கைத் திருத்துவது மட்டுமல்ல. நேர்முகத் தேர்வில், தொழிற்சங்கக் கூட்டத்தில், வகுப்பறையில், ‘புரியவில்லை’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், புரிந்துகொள்ள எவ்வளவு முயன்றார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

1976 ஆகஸ்டில் லண்டன் கிரன்விக் தொழிற்கூடத்திலிருந்து வெளிநடப்புச் செய்த ஜெயாபென் தேசாயும் அவருடன் நின்ற குஜராத்திப் பெண்களும் யாருடைய ஆங்கிலத்துக்காகவும் காத்திருக்கவில்லை. புடவையோடு வாசலில் நின்று பேசினார்கள். 1977இல் சுரங்கத் தொழிலாளர்கள் தொலைவிலிருந்து வந்து அவர்களோடு நின்றார்கள். போராட்டம் 1978இல் தோற்றது. ஆனாலும் அவர்கள் பேசியது அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் புரிந்திருந்தது.